மார்கழியில் திருகோணமலைக் கடற்கரை: முற்பணம் அனுப்பும் முன்

கேள்வி: டிசம்பர் 20ஆம் திகதி ரொறன்ரோவிலிருந்து குடும்பமாக வருகிறோம். பிள்ளைகளுக்கு 8 வயதும் 11 வயதும். அம்மாவுக்கு 72. வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட் ‘மூன்று நாள், ஐந்து கடற்கரை’ என்று உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு, டச்சு பே, மார்பிள் பீச் எல்லாம் போட்டு, திமிங்கிலம் பார்ப்பது இலவசம் என்கிறார். பாதிப் பணம் இப்போதே கேட்கிறார். எந்தக் கடற்கரைகளை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: பாதிப் பணம் இன்னும் போகவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

எந்தக் கரை என்று கேட்கிறீர்கள், தங்கச்சி. எந்த மாதம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை எங்களுக்குச் சோளகம், தென்மேற்குக் காற்று. அது தரைப்பக்கமிருந்து வருவதால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கார்த்திகை, மார்கழி, தை மூன்றும் வாடை, வடகிழக்குக் காற்று. அது கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கும், மழையையும் கூட்டிக்கொண்டு வரும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்களுக்குச் சற்று வடக்கே கரையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஏஜென்ட் அனுப்பிய நீலக்கடல் படங்கள் ஆடி, ஆவணியில் எடுத்தவையாக இருக்கும்.

உப்புவெளியும் நிலாவெளியும் கிழக்கு பார்த்த திறந்த கரைகள். மார்கழியில் நடக்கலாம், கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம், நல்ல மீன் வாங்கலாம். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல் கலங்கிக் கிடந்தால், அதுதான் ஆளை வெளியே இழுக்கிற இடம். வெளியூர்க்காரர் அமைதியாக இருக்கிறது என்று நம்பி இறங்குவதும் அங்கேதான். சாம்பல்தீவுப் பாலத்தடியிலும் இறக்கக்கண்டிப் பாலத்தடியிலும் மாரியில் களப்பு கடலுக்குள் பாயும். அந்த முகத்துவாரங்களில் கால் நனைக்கவும் வேண்டாம். இதை ஒரு பலகையில் மூன்று மொழியிலும் எழுதி நட்டுவிட எவ்வளவு செலவாகும்? பல வருடங்களுக்கு முன் கேட்டுப் போனேன். ஒரு கந்தோர் அடுத்த கந்தோரைக் காட்டியது, அது முதல் கந்தோரையே திரும்பக் காட்டியது. பலகை இன்னும் வரவில்லை.

டச்சு பே நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மாலையில் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நடக்கலாம். அதற்குக் காசு வாங்குகிறவரிடம் கவனமாக இருங்கள்.

இனி ஏஜென்ட். இப்படியானவர்களில் பலரிடம் படகும் இல்லை, விடுதியும் இல்லை, வான் வண்டியும் இல்லை. மூன்று பேரிடமும் தரகு எடுப்பதுதான் தொழில். புறாத்தீவு விஷயத்தில் இந்தத் தரகு நன்றாக விளையாடும். நாங்கள் புறாமலை என்று சொல்கிற அந்தத் தீவு, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 2003இலிருந்து தேசியப் பூங்கா. நுழைவுச்சீட்டை வனசீவராசிகள் திணைக்களத்தின் கவுண்டரில் நீங்களே வாங்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் நுழைவுக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். அந்தக் கணக்கு ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். படகுக் கூலி தனி, அதைப் படகுக்கு எவ்வளவு என்று பேச வேண்டும். தரகர் தலைக்கு இவ்வளவு என்பார். கவுண்டரில் போய் நின்றால்தான் அதில் சீட்டு இல்லை, படகு மட்டும்தான் என்று தெரியவரும்.

அதுவும் கடல் விட்டால்தான். மார்கழியில் படகு போகாத நாட்கள் நிறைய. அன்று அவர் சொல்வது: “இயற்கைக்கு நான் என்ன செய்ய?” சரி, இயற்கைக்கு ஒன்றும் செய்ய முடியாது, காசைத் திருப்பித் தரலாமே! படகு ஓடாவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பதில் வராது. திமிங்கிலமும் அப்படித்தான். பருவம் முடிந்த பிறகு இலவசமாகக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

பட்டியலில் மார்பிள் பீச் ஒன்றுதான் கொஞ்சம் வேறு, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். சீனக்குடாப் பக்கம் விமானப்படை நடத்துகிற இடம். வாசலில் கட்டணம் உண்டு, அடையாள ஆவணம் கேட்டால் காட்ட வேண்டும். திறந்த கடலைப் பார்க்காமல் குடாவுக்குள் ஒதுங்கி இருப்பதால், நிலாவெளியில் ஆளுயர அலை அடிக்கிற நாளிலும் அங்கே தணிந்திருக்கும். இதைக் கேட்டுவிட்டு ‘அப்போ அங்கே குளிக்கலாம்’ என்று ஓடாதீர்கள். கொட்டியாரக் குடாவுக்குள் மகாவலி விழுகிறது. மேலே வெள்ளம் என்றால் குடாத் தண்ணீர் கலங்கி வரும், அடி தெரியாது. அதனால் முந்தின நாள் மழை இல்லாமல், காலையில் வெயில் அடித்து, இடுப்பளவு தண்ணீரில் உங்கள் கால் உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் இறக்குங்கள். காற்று வடகிழக்கிலிருந்து பலமாக இருந்தால் அங்கேயும் வேண்டாம். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளிலும் வேண்டாம், சனம் தாங்காது.

மூன்று நாளை இரண்டாக்குங்கள். கோணேஸ்வரம் கோயிலுக்கு அம்மாவை ஒரு காலைப்பொழுது கூட்டிப் போங்கள், மழை விட்ட நேரமாகப் பார்த்து. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறும் மழைநாளுக்கு நல்லது, பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் கைவைத்து எது சூடு என்று சண்டை பிடிப்பார்கள். கடற்குளிப்புக்குத் தெற்கே போங்கள். உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடல் படியும். திருகோணமலைக்காரன் இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் சொல்லத்தான் வேண்டும். புறாமலையில் பவளப்பாறையும் கருஞ்செட்டைச் சுறாவும் பார்க்க ஆசை என்றால் கனடாவில் பள்ளி விடுமுறை ஜூலையிலும் வருகிறதே, அப்போது வாருங்கள். வார நாளில், காலை ஏழு மணிக்கே, கால்செருப்போடு. கரையெல்லாம் செத்த பவளத்துண்டு, வெறுங்காலைக் கிழிக்கும்.

அம்மாவிடம் இலங்கைத் தேசிய அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். புறாமலைக்குப் போனால் கவுண்டரில் அவருக்கு உள்ளூர்ச் சீட்டுக் கேளுங்கள். ஏஜென்ட் அதையும் வெளிநாட்டுக் கணக்கில்தான் போட்டிருப்பார்.