களைநீர் நாறினால் கெட்டுவிட்டதாகப் பொருளல்ல

கேள்வி: தக்கலை அருகே எங்கள் புரையிடத்தில் கத்தரி, வெண்டை, ஏத்தன் வாழை வளர்க்கிறோம். பிடுங்கிய களைகளைப் பயிருக்கு உரமாக ஊற்றும் களைநீராக்க டிரம்மில் நீரூற்றி ஊறவைத்தேன். 15 நாளில் கடும் நாற்றம், வெண்புழுவும் நெளிகிறது. "நுண்ணுயிர்த் திரவம் கலக்காததால் கெட்டுவிட்டது" என்று கடைக்காரர் ஒரு பாட்டிலைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், டிரம்மில் இருப்பதைக் கொட்டவும் வேண்டாம். காற்றோட்டமில்லாத நீரில் பச்சிலை அழுகும்போது இந்த நாற்றம் வரத்தான் செய்யும். தினமும் ஒருமுறை கம்பால் அடிவரை கலக்கினால் குறையும். நீண்ட வாலுள்ள வெண்புழு என்றால், அது தேனீயைப் போன்ற ஒருவகை ஈயின் புழு. பயிருக்குக் கெடுதல் செய்யாது. கொசு முட்டையிடுவதுதான் கவலைக்குரியது. ஆகவே டிரம்மின் வாயைப் பழைய வேட்டித் துணியால் இறுகக் கட்டுங்கள். வாயு வெளியேற வேண்டுமென்பதால் காற்றுப்புகாத மூடி கூடாது.

அடுத்த முறை 20 லிட்டர் வாளிக்கு, விதை பிடிக்காத களை 2 கிலோவை நறுக்கிப் போட்டு, ஒரு கைப்பிடி சாணமும் சிறு துண்டு கருப்பட்டியும் சேர்த்தால் போதும். தேவையான நுண்ணுயிர்கள் இலையிலும் சாணத்திலும் முன்பே இருக்கின்றன. அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூன்று வாரத்தில் வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, வெளிறிய கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்ததும் இலையில் படாமல் மண்ணில் ஊற்றுங்கள். தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) ஓரளவு கிடைக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. சக்கையில் கோரைக்கிழங்கும் விதைகளும் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால் அதைப் பாத்தியில் போடாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.

அந்தப் பாட்டிலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர் உரங்கள், அதாவது நுண்ணுயிர் கொண்ட உரங்கள், 2006இலேயே கொண்டுவரப்பட்டுவிட்டன. நுண்ணுயிரின் பெயர், எண்ணிக்கை, தயாரிப்பு நாள், காலாவதி நாள் ஆகியவை பாட்டிலில் அச்சாகியிருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒருவர் என்னிடம் கொண்டுவந்த பாட்டிலில் வாழைக்குலைப் படத்தைத் தவிர எதுவும் இல்லை. திறந்தால் சர்க்கரைப்பாகின் வாசம் வந்தது. சட்டம் இருந்தும் இவை கடைத்தட்டில் நிற்கின்றன. பயிற்சி முகாம்களிலோ ஒரு வாளியையும் கம்பையும் வைத்துச் செய்துகாட்ட நேரமில்லை, பொன்னாடை போர்த்த மட்டும் நேரமிருக்கிறது.

மெய்யாகவே அஞ்ச வேண்டியது களைக்கொல்லி பட்ட களைதான். உங்கள் புரையிடத்துக் களை போதாமல் ரப்பர் தோட்டத்து ஓரத்திலோ, வயல் வரப்பிலோ, சாலையோரத்திலோ பிடுங்கினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். அங்கே 2,4-டி போன்ற மருந்து அடித்திருந்தால், களை பச்சையாகத் தெரிந்தாலும் மருந்து அதற்குள் இருக்கும். ஊறியபின் நீரிலும் இருக்கும். கத்தரியும் தக்காளியும் அதைத் தாங்கா. ஐயமிருந்தால் இரண்டு சிரட்டைகளில் மண்ணிட்டு நாலு நாலு தட்டைப்பயறு ஊன்றி, ஒன்றுக்கு வெறும் நீரும் மற்றதற்கு நீர்த்த களைநீரும் விட்டு, இரண்டு வாரம் பாருங்கள். களைநீர் விட்ட சிரட்டையில் மட்டும் இலை சுருண்டு தண்டு முறுக்கிக்கொண்டால் அந்த டிரம்மைப் பயிருக்குப் பயன்படுத்த வேண்டாம். இரண்டும் ஒன்றுபோல் நிமிர்ந்து வளர்ந்தால், மழையில்லாத ஒரு மாலையில் கத்தரிக்கு ஊற்றத் தொடங்கலாம்.