ஜூன் விடுமுறை வயலின் முகாம்: என் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன் ஏழு வயதிலிருந்து கர்நாடக வயலின் கற்கிறான். பள்ளியின் மேற்கத்திய இசைக்குழுவிலும் வாசிக்கிறான். இசையே வாழ்க்கை என்கிறான். ஜூன் விடுமுறையில் எந்தப் பயிற்சி முகாமுக்கு அனுப்பலாம்?

இரவுப்பணி முடிந்து ரயிலில் வரும்போது உங்கள் கேள்வியைப் படித்தேன். ஈசூனில் இறங்க மறந்து கேன்பராவரை போய்த் திரும்பினேன். அந்த அளவுக்கு இது எனக்குப் பழைய புண். நான் இசை படித்தவள் அல்ல, தாதி. ஆனால் வயலின் வாசிக்கும் ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறேன். அவளை இரண்டு ஜூன் மாதங்களில் இரண்டு இடங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். கையில் நான்கைந்து முகாம்களின் விளம்பரங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வித்வானின் படம், இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால் சலுகை என்று ஒரு வரி. கணக்குத் துணைப்பாட வகுப்புக்கு அனுப்பாமல் இதெல்லாம் எதற்கு என்று உறவினர் ஒருவர் கேட்டிருப்பார். பையன் எங்கே அனுப்பினாலும் போகத் தயாராக நிற்பான்.

நாங்களும் அப்படித்தான் நின்றோம். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. தென்னிந்தியாவில் ஓர் ஊரில், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே நடந்த பத்து நாள் முகாம் அது. பெயர் சொல்ல மாட்டேன். விமானச் செலவு தவிர 2,800 வெள்ளி. கூடுதல் நேரம் வேலை பார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். படத்தில் இருந்த வித்வான் இரண்டு பிற்பகல்கள் மட்டும் வந்தார். மற்ற நாட்களில் பாடம் எடுத்தவர்கள் அவருடைய மாணவர்கள். நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வர்ணம் என்ற மேல்நிலைப் பாடம் வாசிப்பவர்களும் கீதம் என்ற தொடக்கப் பாடத்தைத் தாண்டாதவர்களுமாக அறுபது பிள்ளைகள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாளிலிருந்து வேறு வேலையே இல்லை. நிறைவு விழாவில் அறுபது வயலின்கள் சேர்ந்து வாசிக்க வேண்டும், அதற்கு ஒத்திகை.

என் மகளுக்கு எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. திரும்பி வந்த பிறகு அவள் நோட்டைப் புரட்டினேன். ஆசிரியர்முன் தனியாக வாசித்த நேரத்தை ஓரத்தில் குறித்திருந்தாள். மூன்று நிமிடம், இரண்டு, நான்கு, இரண்டு. பத்து நாளில் மொத்தம் பதினொரு நிமிடம். அதற்குள் நிறைவு விழாக் காணொளியை நான் உறவினர் அனைவருக்கும் அனுப்பிப் பாராட்டும் வாங்கியிருந்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

எல்லா முகாம்களும் இப்படித்தான் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் திருவிழாப்போல் இனிக்கும், தாராளமாக அனுப்பலாம். என் மகளுக்கு அங்கே டொராண்டோவிலிருந்து வந்த ஒரு தோழி கிடைத்தாள், இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்பது இசையே வாழ்க்கை என்று சொல்லும் பதினைந்து வயதுப் பையனுக்கு.

அடுத்த ஜூனில் மயிலாப்பூர். மகள் அப்போது உயர்நிலை மூன்று, உங்கள் மகனைப்போலவே. இங்கே அவளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியை, தம்முடைய குருவிடமே சொல்லி அனுப்பினார். எழுபதைத் தாண்டிய மாமி. விளம்பரமும் இல்லை, சான்றிதழும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள், காலை ஒன்பது முதல் பத்தரை வரை பாடம். பிறகு அதே வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து தனியாகச் சாதகம், அதாவது வாசித்துப் பயிற்சி, செய்ய வேண்டும். மாமி சமையலறையில் இருந்தபடியே தவறைச் சொல்வார். மாம்பலத்தில் என் அக்கா வீட்டில் தங்கினோம். முதல் வாரம் நானும் கூடவே போய் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் மகள் பைரவி ராகத்து அட தாள வர்ணத்தை எடுத்தாள். முகாமில் அறுபது பேரோடு வாசித்த அதே வர்ணம். பல்லவி முடிவதற்குள் மாமி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தைவதம் என்பது ‘த’ ஸ்வரம். பைரவியில் அது ஏறும்போது சற்று உயர்ந்த சதுச்ருதி தைவதம், இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த சுத்த தைவதம். இறங்கும்போது அவள் விரல் இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுந்துகொண்டிருந்தது. அறுபது வயலின்களுக்குள் ஒரு தைவதம் யார் காதில் விழும்? வயலினைக் கீழே வைக்கச் சொன்னார். மூன்று நாள் வெறும் பாட்டுத்தான். ஸ நி த ப. பாடு, இன்னொரு தரம் பாடு. நான்காம் நாள் வில்லை எடுத்ததும், அவள் வலக்கைச் சுண்டுவிரல் குச்சிபோல் விறைத்து நிற்பதை மாமி பார்த்தார். அந்தக் கூட்டத்தில் தன் ஒலி தனக்குக் கேட்க வேண்டும் என்று வில்லை அழுத்தி அழுத்தி வாசித்துப் பழகிவிட்டாள். மாமி எழுந்து வந்து அவள் கையின்மேல் தன் கையை வைத்து, ஒரு வார்த்தை பேசாமல், வில்லின் அடியிலிருந்து நுனிவரை மெதுவாக ஒரு ஸட்ஜம், அதாவது ‘ஸ’, இழுத்தார். ஒலி மாறியது. ஸ்வரம் தெரியாத எனக்கே அது கேட்டது.

நான்கு வாரத்தில் அவள் புதிதாகக் கற்ற உருப்படி ஒன்றுகூட இல்லை. அதே வர்ணம், பதினான்கு எண்ணிக்கைத் தாளத்தில், மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும். ஊர் திரும்பியதும், புதிதாக என்ன கற்றுக்கொண்டு வந்தாய் என்று அவள் அத்தை கேட்டார். தைவதம் என்றாள்.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டே இங்கே ஒரு தமிழ் நிகழ்ச்சியில் அவளைப் பதினைந்து நிமிடம் வாசிக்க அழைத்தார்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். பதினைந்து நிமிடம் நான்காயிற்று. அதிலும் அனுபல்லவியின் நடுவில், போதும் என்று மேடை ஓரத்திலிருந்து சைகை காட்டினார்கள். விளக்குப் போட்டவருக்குக் கூலி உண்டு, சாப்பாடு கொண்டுவந்தவருக்குப் பணம் உண்டு, வாசித்த பிள்ளைக்குப் போர்வை ஒன்று. பணத்துக்காக நான் அலையவில்லை. ஆனால் இளையர்களை ஊக்குவிக்கிறோம் என்று மேடையில் முழங்கிவிட்டு அந்த இளையர்களின் உழைப்பை இடைவேளை நிரப்பியாக வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? உங்கள் மகனுக்கும் இந்த அழைப்புகள் வரும். எத்தனை நிமிடம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாட்காட்டியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை மே மாதம். அங்கே கோடை வகுப்புகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே முடிந்துவிடும். நமக்கு விடுமுறை தொடங்கும்போது அங்கே பள்ளி திறக்கும் காலம், அதனால் பகலில் ஆசிரியர்களுக்குப் பொழுது கிடைக்கும். ஆனால் வித்வான்கள் பலர் அப்போது அமெரிக்காவில் இருக்கலாம். கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது, அதை ஒட்டிக் கச்சேரிப் பயணங்கள் நீளும். ஜூனில் ஊரில் இருப்பாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். டிசம்பரில் பாடத்துக்கு அனுப்ப வேண்டாம். நம் ஆண்டிறுதி விடுமுறை மார்கழிக் கச்சேரிகளோடு பொருந்தி வருவது கொடுப்பினைதான், ஆனால் அப்போது எந்த ஆசிரியருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. பையன் சபா சபாவாக ஏறிக் கேட்கட்டும். பிற்பகல் கச்சேரிகள் பல இலவசம்.

மேற்கத்திய இசைப் பக்கமும் பார்க்கிறீர்கள் என்றால் அமெரிக்க முகாம்கள் கண்ணில் பட்டிருக்கும். இன்டர்லாக்கன் 1928இலிருந்தும், வயலின் ஆசிரியர் இவான் கலமியன் தொடங்கிய மெடோமவுண்ட் 1944இலிருந்தும், ஆஸ்பென் 1949இலிருந்தும் நடக்கின்றன. மெடோமவுண்டில் தினமும் மணிக்கணக்கில் தனிச் சாதகம் செய்தாக வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்த இடத்தின்மேல் மதிப்பு. ஆனால் இவையெல்லாம் ஜூன் பிற்பகுதியில் சூடுபிடித்து ஆகஸ்ட் வரை போகின்றன. நமக்கோ அதற்குள் பள்ளியில் மூன்றாம் தவணை தொடங்கிவிடும். பள்ளி அனுமதி இல்லாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பையன் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. அடுத்த ஜூன் உயர்நிலை நான்கு, தேர்வு வருடம். தொடக்கக் கல்லூரிக்குப் போனால் அங்கே இரண்டாம் ஆண்டும் தேர்வுக்குப் போய்விடும். அதன்பின் இரண்டு ஆண்டு தேசிய சேவை. கையில் இருக்கும் நல்ல ஜூன் இரண்டே இரண்டு. அதனால்தான் பெரிய பெயரைப் பார்த்து ஒன்றைச் செலவழித்துவிடாதீர்கள் என்று மன்றாடுகிறேன்.

எந்த இடமாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: என் மகன் ஒரு நாளில் எத்தனை நிமிடம், யார் முன்னால், தனியாக வாசிப்பான்? நேராகப் பதில் சொன்னால் மேற்கொண்டு பேசுங்கள். சூழல், அனுபவம், உலகத்தரம் என்று பேச்சு சுற்றினால் விட்டுவிடுங்கள்.

குருகுலம் என்று பழம்பெருமை பேசுகிறாள் என்று சிலர் நினைக்கலாம். பிள்ளையைக் கூனிக்குறுக வைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒருநாளும் அனுப்பக் கூடாது. அதனால்தான் முதல் வாரம் நான் கூடவே இருந்தேன். நீங்களும் இருங்கள். எல்லோருக்கும் மாம்பலத்தில் அக்கா இருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். ஊருக்குப் போக வழியில்லை என்றால், இங்கே அவனுக்குக் கற்றுத்தருபவரிடமே ஜூன் மாதம் முழுவதும் வாரம் நான்கு நாள் தர முடியுமா என்று கேளுங்கள். முகாமுக்குக் கட்டும் பணத்தில் பாதிகூட ஆகாது.

அனுப்புவது என்று முடிவானால் வயலினைச் சரக்கில் போடாமல் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், ஒரு செட் தந்தியும் கூடுதலாக வையுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில், தந்தியை முறுக்கும் பிருடைகள் உப்பி இறுகியிருக்கும், வறண்ட இடத்தில் சுருங்கி நழுவும். முதல் நாள் பாடத்தில் பாதி சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும். பாடம் தொடங்க இரண்டு நாள் முன்பாகவே போய்ச் சேரட்டும்.