எகிப்தியல் துறையை ஐரோப்பியர் உருவாக்கியதற்கு எகிப்தியரின் அக்கறையின்மைதான் காரணமா?

எகிப்தியர் தங்கள் பழமையைப் பற்றிக் கவலைப்படாததால்தானே பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் வந்து பண்டைய எகிப்தை ஆராயும் எகிப்தியல் என்ற துறையையே உருவாக்க வேண்டியிருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதாவது ஆவணப்படம் பார்த்தபோது எழுந்த கேள்வியாக இருக்கும். அவற்றில் எகிப்தியர் கூடை சுமக்கும் கூலியாட்களாக மட்டுமே வருவார்கள் என்பதால் உங்கள்மேல் குறையில்லை. ஆனால் கல்லூரியில் பல காலமாக வரலாறு கற்பித்து வரும் எனக்கு இந்தக் கருத்தைக் கேட்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை. எகிப்தியருக்கு அக்கறை இருந்தது. அவர்களுக்குக் கதவுதான் திறக்கப்படவில்லை.

ஐரோப்பியரின் உழைப்பை நான் மறுப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1822 செப்டம்பரில் பிரெஞ்சு அறிஞர் சாம்பொலியன் பண்டைய எகிப்தியப் படவெழுத்துகளின் ஒலிமதிப்பை விளக்கி எழுதிய கடிதமும், 1831இல் பாரிஸில் அவருக்கென்று ஏற்படுத்தப்பட்ட பேராசிரியர் பதவியும், 1846இல் பெர்லினில் ஜெர்மானிய அறிஞர் லெப்சியுஸ் ஏற்ற பேராசிரியர் பதவியும், ஆங்கில எழுத்தாளர் எமிலியா எட்வர்ட்ஸ் உயில் எழுதி வைத்த பணத்தால் 1892இல் லண்டனில் அகழாய்வாளர் பெட்ரிக்குக் கிடைத்த பதவியும் இல்லாமல் இந்தத் துறை இல்லை. அதே வேளையில், சாம்பொலியனுக்குத் துணை நின்ற, பண்டைய எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான காப்டிக் மொழியைப் பாரிஸில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் யுஹன்னா ஷிஃப்திஷி என்ற எகிப்தியப் பாதிரியாரும் ஒருவர் என்பதை எத்தனை பேர் குறிப்பிடுகிறார்கள்?

1869இல் எகிப்தின் ஆட்சியாளரான கெடிவ் இஸ்மாயிலின் காலத்தில் கெய்ரோவில் எகிப்திய மாணவர்களுக்காகவே ஓர் எகிப்தியல் பள்ளி தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் ஜெர்மானியரான ஹைன்ரிஷ் பிருக்ஷ். தொல்பொருள் துறையின் தலைவராக இருந்த பிரெஞ்சுக்காரர் மரியட்டுக்கு இது பிடிக்கவில்லை. இங்கே பயின்றவர்கள் நாளை அருங்காட்சியகப் பதவிகளைக் கேட்டு வருவார்கள் என்று அஞ்சி, உள்ளூர் ஆட்கள் யாரும் அருங்காட்சியகக் கல்வெட்டுகளைப் படியெடுக்கக் கூடாது என்று அவர் உத்தரவிட்டதாகப் பிருக்ஷே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கல்வெட்டுப் படிக்கக் கற்கும் மாணவனிடம் கல்வெட்டைத் தொடாதே என்றால் அவன் வேறு எதைக் கற்பது? சில ஆண்டுகளில் பள்ளி மூடப்பட்டது. படித்தவர்களுக்கு அருங்காட்சியகத்தில் வேலை கிடைக்கவில்லை.

அவர்களில் ஒருவர்தான் அகமது கமால். மரியட் இறந்த 1881ஆம் ஆண்டில்தான், அதுவும் மொழிபெயர்ப்பாளராக, அவரால் அருங்காட்சியகத்துக்குள் நுழைய முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் தேர் எல் பஹ்ரி மலையிடுக்கில் இரண்டாம் ராம்சேஸ் உள்ளிட்ட அரசர்களின் மம்மிகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த குழி தெரியவந்தபோது, ஹைன்ரிஷின் தம்பி எமில் பிருக்ஷுடன் அங்கே அனுப்பப்பட்டவர் அவர். புகழ் யாருக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது மரியட் என்ற தனி மனிதரின் குணக்கேடு என்றும் ஒதுக்கிவிட முடியாது. 1904இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டிலேயே, எகிப்தியத் தொல்பொருள் துறையின் தலைமை தொடர்ந்து ஒரு பிரெஞ்சு அறிஞரிடமே இருக்கும் என்று எழுதப்பட்டுள்ளது. இரண்டு வல்லரசுகள் கையொப்பமிட்டு மூன்றாவது ஒரு நாட்டின் பழமையைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட பிறகு, அந்த நாட்டு மக்களுக்கு ஆர்வமில்லை என்று பேசுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாத இதழ் பண்டைய எகிப்திய அரசன் தூத்தன்காமன் பற்றிக் கட்டுரை கேட்டது. 1922இல் கல்லறை கிடைத்த செய்தியோடு, அந்தக் காலத்து எகிப்திய அறிஞர்களின் நிலையையும் சேர்த்து எழுதி, கமாலுக்கு மூன்று பத்திகள் ஒதுக்கியிருந்தேன். இதழ் வந்தபோது அந்த மூன்று பத்திகளும் இல்லை. அந்த இடத்தில் மம்மியின் சாபம் பற்றிய பெட்டிச் செய்தி, என் பெயரின் கீழேயே. கேட்டதற்கு, இந்தப் பெயரெல்லாம் வாசகருக்குத் தெரியாது சார், சாபம் என்றால்தான் படிப்பார்கள் என்றார் உதவி ஆசிரியர். தெரியாத பெயரைத் தெரிவிப்பதற்குத்தானே கட்டுரை என்று சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. இடப் பற்றாக்குறை எனக்கும் புரியும். அந்தக் கல்லறை அகழாய்வுக்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபுவைக் கொசு கடித்த கதைக்கு இடம் இருந்ததே என்பதுதான் என் ஆதங்கம். இப்படி ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு பாடநூலும் வெட்டி எடுத்தால், உங்களைப் போன்றவர் மனத்தில் இந்தக் கேள்வி எழாமல் என்ன செய்யும்?

கமாலைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அவர் தொகுத்த 22 தொகுதி அகராதியில் பண்டைய எகிப்தியச் சொற்களை அரபுச் சொற்களோடு இணைத்துக் காட்டியதில் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனாலும் பல பத்தாண்டுகள் அது அச்சேறாமலே கிடந்தது; விவாதிக்கப்பட்டுத் தோற்கும் வாய்ப்புகூட அதற்குக் கிடைக்கவில்லை.

உங்கள் கேள்வியும் புதிதன்று. தூத்தன்காமன் கல்லறை கிடைத்த காலத்தில், எகிப்தியர்களுக்கு இத்துறையில் பயிற்சி தர வேண்டும் என்று கமால் வற்புறுத்தியபோது, தொல்பொருள் துறையின் அன்றைய தலைவரான பிரெஞ்சுக்காரர் பியர் லக்கோவும் எகிப்தியரில் மிகச் சிலருக்குத்தான் இதில் நாட்டம் உண்டு என்றே சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. இத்தனை காலம் துறையை நடத்திய நீங்கள் எங்களுக்கு என்ன வாய்ப்பு கொடுத்தீர்கள் என்பது கமாலின் பதில். அவர் 1923இல் இறந்தார். அவரிடம் ஆசிரியர் கல்லூரியில் பாடம் கேட்ட சலீம் ஹசன், 1929 முதல் கீசாவில் அகழாய்வு நடத்தினார். கெய்ரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். தொல்பொருள் துறையின் தலைமைக்கு ஓர் எகிப்தியர், முஸ்தபா ஆமிர், வருவதற்கோ 1952 புரட்சி முடிய வேண்டியிருந்தது.