மாவட்டக் கவுன்சிலரிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: தெருவிளக்கு எரியவில்லை என்று மாவட்டக் கவுன்சிலரிடம் மனு கொடுத்தேன். "அது என் கையில் இல்லை" என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?

பதில்: இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை எல்லாம் கிராம ஊராட்சியின் வேலை. மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள் வாக்குச்சீட்டில் நாம் தேர்ந்தெடுக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கு வார்டு பெரியது, சுமார் 50,000 பேர். பணம்தான் சின்னது. மாவட்ட ஊராட்சி வரி வசூலிப்பதில்லை, மானியத்தில் ஓடுகிறது. 15ஆவது நிதிக்குழு மானியத்தைத் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கு 80, ஊராட்சி ஒன்றியத்துக்கு 15, மாவட்ட ஊராட்சிக்கு 5 சதவீதம் என்று பிரித்தார்கள். அந்த ஐந்தை எல்லா வார்டுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: அப்படியானால் மாவட்ட ஊராட்சிக் கூட்டத்தில் என்னதான் முடிவு செய்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் யார் வார்டுக்கு எந்த வேலை என்பதை. கூட்ட அறிவிப்போடு பொருள் பட்டியல் (அஜெண்டா) வரும். ஒவ்வொரு பொருளும் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்" என்று முடியும். செலவுக் கணக்குப் பொருள்களை யாரும் சரியாகப் படிப்பதில்லை. டீயும் வடையும் வரும் நேரத்தில் "ஆல் பாஸ்" என்று போய்விடும். நிதி ஒதுக்கீடு வந்ததும்தான் குரல் உயரும். சரி, உயரட்டும். ஆனால் எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கத்திவிட்டு வெளிநடப்பு செய்தால் மறுநாள் பேப்பரில் படம் வரும், புத்தகத்தில் ஒரு வரி இருக்காது. தீர்மானம் போட்டதுமே வேலை தொடங்கிவிடாது என்பதையும் ஊரில் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம்.

கேள்வி: மாவட்ட ஊராட்சித் தலைவருக்காவது அதிகாரம் உண்டா?

பதில்: மாவட்டத் திட்டக்குழுவுக்கு அவர்தான் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். காகிதத்தில் பெரிய இடம். அதைப் பயன்படுத்திக்கொள்ளும் தலைவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் கவுன்சிலர் பெண். கூட்டத்துக்கு அவர் கணவர் வந்து உட்காருகிறார். சரியா?

பதில்: தவறு. ஓட்டு அந்த அம்மாவுக்குத்தான் விழுந்தது. 2016இல் 50 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தது கணவர்கள் நாற்காலி பிடிப்பதற்கு அல்ல. ஆட்சியருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை நாங்கள் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மாவட்ட ஊராட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "எல்லாத் தீர்மானமும்" என்று கேட்காதீர்கள். கூட்டத் தேதியையும் வேலையின் பெயரையும் குறிப்பிட்டுக் கேட்டால் சாக்குச் சொல்ல இடமிருக்காது.

கேள்வி: 2025 ஜனவரிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் கவுன்சிலரே இல்லாமல் போனாரே?

பதில்: 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5உடன் பதவிக்காலம் முடிந்தது. அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2021 அக்டோபரில் தேர்தல் கண்ட ஒன்பது மாவட்டங்களின் கணக்கு வேறு. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உண்டு. தெருவிளக்கை அங்கேயே கேளுங்கள்.