கவுன்சிலுக்கு எழுதிய ஆட்சேபக் கடிதத்தில் அம்மாவின் நோய் விவரம்: என்ன செய்யலாம்?

வணக்கம். பக்கத்து வீட்டு எக்ஸ்டென்ஷனை எதிர்த்து எழுதிய கடிதத்தில் அம்மாவின் இதய நோயையும் உங்கள் போன் நம்பரையும் எழுதிவிட்டீர்கள். இப்போது பக்கத்து வீட்டார் அப்பீலுக்குப் போயிருப்பதால் அதெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான்.

இங்கிலாந்தில் இந்த அப்பீல்களை விசாரிப்பது பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்ற அரசு அமைப்பு. கவுன்சிலுக்கு வந்த ஆட்சேபங்கள் அங்கே அனுப்பப்படும், அப்பீல் செய்தவரும் பார்க்கலாம். பெயரை மட்டும் மறைக்க முடியாது; பெயரில்லாத கடிதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் போன் நம்பர், ஈமெயில், கையெழுத்தை இணையத்தில் போடும் முன் கவுன்சில்கள் பொதுவாகக் கறுப்படிக்கும். பொதுவாகத்தான், எப்போதும் இல்லை. என் கடிதத்தில் முதல் பக்கத்து நம்பரை அடித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்த அதே நம்பரை விட்டுவிட்டார்கள். அதனால் கவுன்சில் தளத்தில் உங்கள் கடிதத்தைத் திறந்து கடைசி வரி வரை பாருங்கள்.

நோய் விவரத்துக்குச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. இன்றைக்கே பிளானிங் பிரிவுக்கும் கவுன்சிலின் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கும் ஒரே ஈமெயில் போடுங்கள். அப்பீல் எண், பக்கம், எந்த வரி என்று குறிப்பிட்டு, இன்ஸ்பெக்டரேட்டுக்கு அனுப்பும் முன் அதை நீக்கச் சொல்லுங்கள். பதில் தர அவர்களுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு, அப்பீல் அதுவரை காத்திருக்காது; அதனால் போனும் செய்யுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள் என்றால், அப்பீலைக் கவனிக்கும் இன்ஸ்பெக்டரேட் அலுவலருக்கும் அதையே எழுதுங்கள்.

கடிதத்தை மொத்தமாகத் திரும்பப் பெறவும் வழி உண்டு. கடைசித் தேதி கவுன்சில் அனுப்பிய அறிவிப்பில் இருக்கும். ஆனால் சிறிய வீட்டு அப்பீல்களில் புதிதாக எழுத வாய்ப்பு தருவதில்லை. வெளிச்சம் மறைவது, ஜன்னல் நேராக உங்கள் வீட்டைப் பார்ப்பது போன்ற வலுவான காரணங்களும் அதோடு போய்விடும். எனவே அந்த இரண்டு வரியை மட்டும் நீக்கக் கேளுங்கள்.