கடைமடையிலிருந்து தலைமையைப் படிப்பது: கேள்வி பதில்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருந்துகொண்டு நெடுங்காலம் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். தலைமை, நிர்வாகம், அரசியல் பற்றிய ஆய்வுகளில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். மூணாறிலிருந்து நகரி வரை கேள்விகள் வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

மாஷே, எம்.ஏ. முடிச்சாச்சு. பிஎச்.டி.க்கு "மக்கள் தலைவர்களின் குணங்கள்"னு தலைப்பு எழுதி வச்சிருக்கேன். சரி வருமா? (வேலந்தாவளம், மாணவி)

தலைப்பை மாற்றிவிடும்மா. இந்தக் கேள்வியை ஏற்கெனவே சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். 1948-ல் ரால்ஃப் ஸ்டாக்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர், அதுவரை வந்த 124 ஆய்வுகளை எடுத்து வைத்துப் படித்தார். தலைவர்களிடம் சில குணங்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்தது உண்மைதான். ஆனால் இந்த இந்தக் குணம் இருந்தால் ஒருவர் தலைவராகிவிடுவார் என்று சொல்ல முடியவில்லை. ஓரிடத்தில் தலைவராக இருந்தவர் வேறோர் இடத்தில் சாதாரண ஆளாக இருந்தார். "எப்படிப்பட்டவர் தலைவர்?" என்று கேட்காதே. "எந்த நிலைமையில், எந்த விதிகளுக்குள் நின்று, யாருக்காக என்ன முடிவு எடுத்தார்?" என்று கேள். பேட்டி எடுக்கும்போது தலைவரிடம் ஒரு மணி நேரம் பேசினால், அவர் முடிவால் நஷ்டப்பட்டவரிடம் இரண்டு மணி நேரம் பேசு.

சார், சித்தூர்ப்புழை ஆயக்கட்டுல நமக்கு மூணு ஏக்கர், கடைமடை. தலைமடைக்காரங்க வயல் நிறைஞ்ச பிறகுதான் தண்ணி கீழ இறங்குது. நல்ல தலைவர் ஒருத்தர் வந்தா தீரும்ங்கறேன் நான். ஆராய்ச்சி என்ன சொல்லுது? (சித்தூர் தாலுகா, விவசாயி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. அதன்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கணக்குக்காக இரண்டு மாநிலமும் மல்லுக்கட்டுவது உங்களுக்குத் தெரியும். ஆனால் மூலத்தறை மதகைத் தாண்டி வாய்க்காலில் இறங்கிய தண்ணீர் யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் என்பது நமக்குள் இருக்கும் பிரச்சினை. அங்கேதான் ஆராய்ச்சி உதவும்.

ராபர்ட் வேட் என்பவர் கர்னூல் மாவட்டத்தில் கால்வாய்ப் பாசன ஊர்களைப் பார்த்து 1988-ல் புத்தகம் எழுதினார். சில ஊர்களில் பொதுப் பணம், வயல்களுக்குத் தண்ணீர் பகிர்ந்துவிட்டுப் பொதுவில் கூலி வாங்கும் நீர்க்கட்டி, பயிர்க் காவல்காரர், கணக்குக் கேட்க ஊர்க் குழு எல்லாம் இருந்தன. பக்கத்து ஊரில் ஒன்றுமில்லை. காரணம் தேடிப் போனால், நல்ல தலைவர் இருந்த ஊர், இல்லாத ஊர் என்று பிரியவில்லை. கால்வாயின் கடைசியில் இருந்து, தண்ணீருக்குத் தவித்த ஊர்கள்தான் பெரும்பாலும் கட்டுப்பாட்டோடு இருந்தன. தலைமடை ஊர்களுக்கு அந்தத் தேவையே எழவில்லை.

எலினார் ஆஸ்ட்ரம் 1990-ல் இதையே உலக அளவில் விரித்துப் பார்த்தார். பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண்மணி, 2009-ல். பொதுச் சொத்தை நெடுங்காலம் காப்பாற்றிய சமூகங்களில் அவர் கண்டதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். காவல் பார்ப்பவர் தண்ணீர் எடுப்பவர்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தப்புச் செய்தவனுக்கு முதலில் சின்ன தண்டனை, மறுபடி செய்தால்தான் பெரிது. ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் வாய்க்கால் வழக்குகளை விவசாயிகளே தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழக்கிழமை தோறும் தேவாலய வாசலில் உட்கார்ந்து தீர்க்கிறார்கள். வக்கீல் கிடையாது, அங்கேயே தீர்ப்பு.

நம் பக்கத்திலேயே இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கடைமடைக்காரர் வீட்டில் முறைத் தண்ணீர் நோட்டு ஒன்றைக் காட்டினார்கள். நாற்பது பக்க நோட்டு, அட்டை நனைந்து உப்பியிருந்தது. பெயர், மடை திறந்த மணி, அடைத்த மணி, கையெழுத்து. ஒரு பக்கத்தில் ஒரே பெயருக்கு எதிரே மூன்று குறிப்பு. முதலாவதில் "சொல்லியாச்சு". இரண்டாவதில் "அரை நாள் தூர் வாரல்". மூன்றாவதில் "அடுத்த முறை இல்லை". எழுதியவர் ஆஸ்ட்ரம் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அந்த மூன்று வரியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆகவே ஐயா, தலைவரைத் தேடுவதற்கு முன் நோட்டைப் போடுங்கள். தலைமடைக்காரரையும் அதில் கையெழுத்துப் போட வையுங்கள். அவருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். தூர் வாரவும் கரை கட்டவும் அவருக்கும் ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான்.

தமிழ்நாடு, ஆந்திரா எல்லைக்கு ரெண்டு பக்கமும் நம்ம ஜனங்கதான் சார். திருத்தணியையும் நகரியையும் ஒப்பிட்டா ஆய்வாகுமா? (நகரி, ஆராய்ச்சி மாணவர்)

தாராளமாக ஆகும் தம்பி. ஆப்பிரிக்காவில் மலாவிக்கும் சாம்பியாவுக்கும் நடுவே வெள்ளைக்காரர் போட்ட கோடு செவா, தும்புக்கா என்ற இரண்டு இனங்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. டேனியல் போஸ்னர் 2004-ல் இரண்டு பக்கமும் போய்க் கேட்டார். மலாவியில் எதிரிகள், சாம்பியாவில் பங்காளிகள். பண்பாட்டு வேறுபாடு இரண்டு பக்கமும் ஒன்றேதான். மலாவியில் இரண்டு இனமும் ஆட்சிக்குப் போட்டி போடும் அளவுக்குப் பெரியவை, சாம்பியாவில் சின்னவை, அதுதான் வித்தியாசம்.

நம் பக்கமும் வந்திருக்கிறார்கள். டிமதி பெஸ்லி, ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் மூவரும் நான்கு தென் மாநிலங்களின் எல்லையோர ஊர்களில் கிராம சபையை ஆராய்ந்தார்கள். சபை கூடிய ஊர்களில் நிலமில்லாதவருக்கும் எழுத்தறிவில்லாதவருக்கும் வறுமைக்கோட்டு அட்டை கிடைக்கும் வாய்ப்புக் கூடியது.

ஒரு எச்சரிக்கை. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் கிராமம் கிராமமாக மொழிப் பெரும்பான்மை பார்த்துக் கோடு போட்டார். மலாவி போலக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கோடு இல்லை. இன்று தெரியும் வித்தியாசம் 1960-க்கு முன்பே இருந்ததா என்று பழைய ஜனத்தொகைக் கணக்கைப் பார். பார்க்காமல் எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாய்.

எங்க ஊர்ல சர்பஞ்ச் அம்மா பேருக்குத்தான், கையெழுத்து மட்டும் அவங்க, முடிவு வீட்டுக்காரர். அப்புறம் மகளிர் ஒதுக்கீட்டால என்ன பிரயோஜனம்? (புத்தூர்)

அந்தக் கோபம் நியாயம்தான். ஆனாலும் தரவு வேறு மாதிரி பேசுகிறது. எந்த ஊர்த் தலைவர் பதவி பெண்ணுக்கு என்பது குலுக்கல் போல முடிவானதால் ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பார்த்து 2004-ல் எழுதினார்கள். பெண் தலைவர் இருந்த ஊரில் குடிநீருக்குக் கூடுதல் செலவு நடந்திருந்தது. குடிநீர்தான் அந்த ஊர்ப் பெண்கள் அதிகமாகக் கேட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கேட்கப்படும் குரல் மாறுகிறது. உங்கள் ஊரில் கைபம்பு எங்கே போடப்பட்டது என்ற பட்டியலை வாங்கிப் பாருங்கள். சர்பஞ்ச் அம்மாவிடமும் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கம்மா 2015-ல ரோட்டுல உட்கார்ந்தவங்க. தலைவர் இல்லாமலே ஜெயிச்சாங்க. பிறகு ஏன் அந்தச் சங்கம் உடைஞ்சுச்சு? (மூணாறு)

உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்மா. கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், பழைய தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு ஒன்பது நாள் உட்கார்ந்து 20 சதவீதம் போனஸ் வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்பதுதான் அவர்கள் சங்கத்தின் பெயர்.

1911-ல் ராபர்ட் மிசெல்ஸ் எழுதியதைப் படி. ஜனநாயகம் பேசிய ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியையே எடுத்துக்கொண்டு, அமைப்பு வளர வளர அதிகாரம் சிலர் கையில் குவியும் என்று காட்டினார். மூணாறு பெண்கள் கொதித்தது இதற்கு எதிராகத்தான். கூட்டமாக உட்காரும்போது தலைமை பரவி நின்றது. பேச்சுவார்த்தை மேசைக்கு நாலு பேர்தான் போக முடியும், தேர்தலில் ஒரு பெயர்தான் நிற்க முடியும். விரிசல் அந்த இடத்தில் தொடங்குகிறது. அவர்கள் மேல் குற்றம் சொல்லி எழுதுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன். யார் மேசைக்குப் போவது, எத்தனை மாதத்துக்கு என்பதற்கு அவர்களுக்குள் விதி போட நேரமே கிடைக்கவில்லை. நீ ஆய்வு செய்வதானால் அம்மாவிடமிருந்தே தொடங்கு, எஸ்டேட் பேச்சிலேயே பதிவு செய், இலக்கணத் தமிழுக்கு மாற்றாதே.

எம்.பி.ஏ. ப்ராஜெக்ட். விசைத்தறி முதலாளிகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்தா போதுமா? (நகரி)

போதாது. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து பார்த்துத்தான் 1973-ல் புத்தகம் எழுதினார். திட்டமிடுவதுதான் நிர்வாகி வேலை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கண்டது துண்டு துண்டான வேலை, குறுக்கே வரும் ஆள், ஓயாத பேச்சு. ஒரே ஒரு பட்டறையில் ஒரு வாரம் உட்கார். தறிச் சத்தத்தில் பேட்டி பதிவாகாது, கையால் எழுது.

கட்டுரை போட ஒரு ஆய்விதழ் பணம் கேக்குது. ரெண்டு நாள்ல வந்துடுமாம். கட்டலாமா சார்? (பாலக்காடு)

கட்டாதே. என் மாணவன் ஒருவன் இப்படிக் கட்டினான். மூன்றாம் நாள் கட்டுரை வந்தது, தலைப்பிலேயே எழுத்துப்பிழையோடு. மதிப்பிட்டவர் ஒரு வரியாவது படித்திருந்தால் அது தப்பியிருக்காது. நேர்முகத்தில் அந்தத் தாளை அவன் மேசையில் வைக்கவே கூசினான். நல்ல இதழ் மாதக்கணக்கில் காக்க வைக்கும், திருப்பி அனுப்பும், கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகளோடு கட்டுரையைக் கொண்டுவா, சனிக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன்.