கொலுப்படியில் ஒரு சர்வோ மோட்டார்
(வாசகர் கேள்விகள்)

கேள்வி: விஷுவல் ஆர்ட்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கொலு பொம்மை செய்பவர். எங்கள் துறையில் எலெக்ட்ரானிக்ஸ், லேசர் வெட்டு, முப்பரிமாண அச்சு பற்றிய பயிற்சிப் பட்டறை நடக்கப்போகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் இயற்பியல் பக்கமே போகாத நான் அதில் சேரலாமா?
– ஒரு மாணவி, விளாச்சேரி

பதில்: தயங்காமல் சேருங்கள். அங்கே உங்கள் கையில் தரப்போகும் அர்டுயினோ, அதாவது நிரல் எழுதி விளக்கையும் மோட்டாரையும் இயக்க உதவும் சிறிய மின்னணுப் பலகை, உங்களைப் போன்றவர்களுக்காகவே பிறந்தது. இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரின் வடிவமைப்புப் பள்ளி ஒன்றில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களுக்காக 2005இல் அதை உருவாக்கினார்கள். அங்கேயே படித்த எர்னாண்டோ பர்ரகான், 2003இல் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய ‘வயரிங்’ என்ற திட்டம்தான் அதற்கு அடித்தளம்.

கணக்கும் பெரிதாக இல்லை. பலகை தரும் 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3. நடுவில் 220 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வைத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர் ஓடும். பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதிதான் இது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: செய்ய விரும்பும் பொருளை முடிவுசெய்துகொண்டு போங்கள். மதுரையில் நான் நடத்தும் வகுப்புகளில், விளக்கைச் சிமிட்ட வைத்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதன் பிறகு எதைச் செய்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. உங்கள் வீட்டிலோ பொருள் கொட்டிக்கிடக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது படியருகே வந்தால் தங்கக் குதிரை மெல்ல ஆற்றுக்குள் இறங்க வேண்டும். ஓர் ஒளி உணரியும், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறிய சர்வோ மோட்டாரும் போதும். வருபவரின் நிழல் உணரியில் விழுந்தால் பலகை படிக்கும் எண் மாறும். 0 முதல் 1023 வரை அதன் அளவுகோல். கொலுப்படியில் சீரியல் விளக்குகள் எரியும்போது கிடைக்கும் எண் வேறு, உங்கள் மேசையில் கிடைக்கும் எண் வேறு. ஆகவே படியில் வைத்தே அளந்து, எந்த எண்ணில் குதிரை அசைய வேண்டும் என்று தீர்மானியுங்கள்.

குதிரை அசையும் நொடியில் பலகை அணைந்து மீண்டும் உயிர்பெறுகிறதா? நிரலைக் குறை சொல்லாதீர்கள். மோட்டார் திடீரென்று மின்சாரத்தை உறிஞ்சுவதால் வருவது அது. மோட்டாருக்குத் தனியாக 5 வோல்ட் கொடுங்கள். இரண்டு மின்வழங்கிகளின் கிரவுண்டு (எதிர்முனை) கம்பியையும் கட்டாயம் இணையுங்கள். இணைக்காவிட்டால் குதிரை தறிகெட்டு ஆடும்.

களிமண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் விரல்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது அது. சர்க்யூட் அதற்குள் போய் உட்காரட்டும்.

கேள்வி: சுடுமண் சிற்பம் பயிலும் மகனுக்கு முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கித் தரலாமா?
– ஒரு தந்தை, திருமங்கலம்

பதில்: இப்போது வேண்டாம் ஐயா. முதலில் வெளியே கொடுத்து அச்சிட்டு, வந்ததை வைத்து வேலை செய்யட்டும். உங்கள் மகனுக்கு முப்பரிமாண அச்சின் உண்மையான பயன் மூல உருவம் செய்வதில் இருக்கிறது. அதைச் சுற்றிப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி இரண்டு பாதியாக வார்ப்பச்சு எடுத்தால், மண்ணை அழுத்தி வேண்டிய அளவு பொம்மை எடுக்கலாம். உள்ளே வளைந்து கொக்கிபோல் மாட்டும் இடங்கள் இருந்தால் வார்ப்பச்சு கழலாது. கணினியில் வரையும்போதே பார்த்துவிட வேண்டும். மண் காய்ந்தும் வெந்தும் சுருங்கும். 10 செ.மீ. கோடு கீறிய ஒரு மண்பட்டையைச் சூளையில் சுட்டுப் பார்த்து, சுருங்கிய விகிதத்தைக் கணக்கிட்டு மூலத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

முப்பரிமாண அச்சில் பெரும்பாலும் பயன்படும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் மூக்கும் முழியும் சாய்ந்துவிடும்.

கேள்வி: லேசர் வெட்டும் கடைக்காரர் நான் கொண்டுபோன ஃபோம் ஷீட்டை வாங்க மறுத்துவிட்டார். ஏன்?
– ஒரு மாணவர், தல்லாகுளம்

பதில்: அவர் நல்லவர், அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். பேனர் கடைகளில் கிடைக்கும் அந்த ஷீட் பெரும்பாலும் பி.வி.சி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். நுரையீரலுக்குக் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். ரெக்சினும் பெரும்பாலும் இதே இனம்தான். அக்ரிலிக், எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை), அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஐயமிருந்தால் திறந்தவெளியில், பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியால் ஷீட்டின் ஓரத்தைத் தொட்டு, கம்பியை மீண்டும் தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதை லேசர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.